மேற்படி இசையை ரசித்தது தொடர்பாக

எங்கள் நகராட்சியில் இசைக்கென்று தனியாக ஒரு பிரிவு இல்லையே என்று யாரும் வருத்தப்பட்டதில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறோம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறோம். தண்ணீர் வந்த நாளில் அதன் நிறத்தைப் பார்த்து இன்னும் அதிகமாக வருத்தப்பட்டிருக்கிறோம். இசை விஷயத்தில் மட்டும் ஊர் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கு மேலிடத்திலிருந்து வந்த ஓர் உத்தரவு முடிவு கட்டியது.

உள்ளூரைச் சேர்ந்த சுயேச்சைக் கலைஞர்களின் கருவி இசையை ஒவ்வொரு நகராட்சியும் இந்த ஆண்டுக்குள் ரசித்து முடிக்க வேண்டும், ரசித்த விவரத்தைத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்பது உத்தரவு.

எங்கள் ஆணையர் எந்த உத்தரவையும் ஒரு முறைதான் படிப்பார். இரண்டாம் முறை படித்தால் அர்த்தம் புரிந்து, காரியம் கெட்டுவிடும் என்பது அவருடைய அனுபவம். அதோடு பக்கத்து ஊர் ஆணையர் போன் செய்து, "நாங்க பாதி ரசிச்சு முடிச்சிட்டோம். உங்க பக்கம் எப்படிப் போகுது?" என்று விசாரித்துவிட்டார். அன்று மத்தியானமே அவசரக் கூட்டம் கூடியது.

"நம்ம ஆபீஸ்ல யாருக்கு இசை தெரியும்?" என்று கேட்டார் ஆணையர்.

எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். தெரியும் என்று ஒத்துக்கொண்டால் வேலை வரும் என்கிற அளவுக்கு எல்லோருக்கும் சர்வீஸ் ஆகியிருந்தது. கட்டட அனுமதிப் பிரிவின் கண்காணிப்பாளர் மட்டும் மேஜையைப் பார்க்கவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மேலே கடகடவென்று ஓடிய மின்விசிறியின் சத்தத்துக்கு அவருடைய தலை ஒரு தட்டுக்கூடத் தப்பாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா! ஃபேன் சத்தத்தையே இந்த மனுஷன் என்னமா ரசிக்கிறார்!" என்றார் ஆணையர்.

கண்காணிப்பாளர் கண் விழித்தபோது ரசிப்புப் பிரிவின் பொறுப்பாளராக இருந்தார்.

நான் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர், அதுவும் மெல்லிசான சுவர். அதனால் அன்று சாயங்காலம் அங்கே நடந்த பேச்சை நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அது தானாக வந்து விழுந்தது.

"ரசிக்கவா? உங்களையா?" இது அவர் மனைவி.

"ஆமா. ஆர்டர் போட்டுட்டாங்க."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் சமைச்சதை ஒரு தடவையாவது நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கீங்களா?"

"வேண்டாம்னு சொல்லியிருக்கேனா? ஆட்சேபணை எதுவும் வரலைன்னா நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?"

"நான் சமைச்சது என்ன பில்டிங் பிளானா?"

அதற்குப் பிறகு பாத்திரங்கள் மட்டும்தான் பேசின.

ஆனால் உண்மையைச் சொன்னால், இசையோடு கண்காணிப்பாளருக்குப் பழக்கம் இருந்தது. அவருக்குத்தான் அது தெரியாது. மார்க்கெட் கட்டடத்தின் மாடியில் நகராட்சி என்றைக்கோ மறந்துபோன ஓர் அறை. சாயங்காலமானால் அங்கே இரண்டு பேர் வாசிப்பார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். ஊரில் பாதிப் பேருக்கு "அடுத்த வரியைப் படிங்க, கண்ணைச் சுருக்காம படிங்க" என்று சொல்லிக் கண் பார்த்தவர் என்பதால், வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்கடை அக்கா. அவர் கையில் வயலின். இன்னொருவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் வாசிப்பது கிளாரினெட். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பயம் போவதற்காக, லிஃப்டைச் சரிசெய்யும் முன் வெளியே நின்று கொஞ்ச நேரம் வாசிப்பாராம். லிஃப்ட் சரியான பிறகும் வெளியே வராமல் இருந்தவர்கள் உண்டு என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அவர்கள் வாசித்தது சினிமாப் பாட்டுக் கிடையாது, பக்திப் பாட்டும் கிடையாது. தாங்களே உண்டாக்கிய மெட்டுகள். அவற்றுக்குப் பேர்கூட வைத்திருக்கவில்லை. கண்காணிப்பாளர் ஆபீஸ் விட்டுக் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பையைச் சுவரில் சாய்த்துவிட்டு அந்த மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவார். ஏன் லேட் என்று மனைவி கேட்டால் முட்டி வலி என்பார். வாசிப்பு இல்லாத நாட்களில் முட்டி வலித்ததே கிடையாது. இதற்குப் பேர்தான் ரசிப்பு என்று யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உஷாராகியிருப்பார்.

நல்ல மனசோடு அவர்தான் அந்த இருவரைப் பற்றியும் ஆணையரிடம் சொன்னார்.

"அந்த ரூம் யாரோடது?"

"நம்மோடதுதான் சார். சும்மாத்தான் கிடக்குது."

"அப்புறம் என்ன! நம்ம பிரிவை அங்கேயே வெச்சிடுங்க. இசை எங்க இருக்கோ அங்கதானே ரசிக்கணும்?"

மறுநாள் அந்த அறைக்கு மேஜைகள் ஏறின. நாற்காலிகள் ஏறின. இரும்பு அலமாரிகள் ஏறின. வாசலில் பெயர்ப்பலகை மாட்டினார்கள். சாயங்காலம் வயலின் பெட்டியோடு வந்த அக்கா, வில்லை இழுத்துப் பார்த்தார். முழங்கை அலமாரியில் இடித்தது.

"நாங்க எங்க சார் வாசிக்கறது?"

"படியில வாசிங்க அக்கா. தற்காலிக ஏற்பாடுதான். ரசிச்சு முடிச்சதும் ரூமைத் திருப்பிக் கொடுத்துடறேன்னு ஆணையரே வாக்கு கொடுத்திருக்கார்."

"எப்ப ரசிச்சு முடிப்பீங்க?"

"வருஷ முடிவுக்குள்ள."

லிஃப்ட் மெக்கானிக்குக் குழப்பமாகிவிட்டது. "சார், நாங்க வாசிக்கறதே கொஞ்ச நேரந்தான்."

"வாசிக்கறது உங்க வேலை. சீக்கிரம் முடிஞ்சிடும். ரசிக்கறது ஆபீஸ் வேலை" என்றார் கண்காணிப்பாளர். சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ரசிப்பதற்கு முன்னால் தகுதி பார்க்க வேண்டும் அல்லவா? கருவி இசை என்ற சொல்லைப் பார்த்துப் பண்டகசாலையிலிருந்து ஒரு வண்டி கடப்பாரையும் மண்வெட்டியும் வந்து இறங்கின. அவற்றைத் திருப்பி அனுப்புவதற்குள் சுயேச்சை என்ற சொல் கிளம்பிற்று. சுயேச்சை என்றால் தேர்தல் பிரிவில் கேளுங்கள் என்று ஆணையர் சொல்லிவிட்டார். தேர்தல் பிரிவு எழுத்தர் ஒருவர் வந்து, படியில் உட்கார்ந்திருந்த கலைஞர்களை விசாரித்தார்.

"ரெண்டு பேரும் சுயேச்சையா?"

"ஆமாங்க. யாரும் எங்களை நடத்தலை. நாங்களா வாசிக்கிறோம்."

"சின்னம்?"

"என்ன சின்னம்?"

"சுயேச்சைன்னா சின்னம் இருக்கணும். சின்னம் இல்லாத சுயேச்சையை ஜனங்க எப்படி அடையாளம் கண்டுபிடிப்பாங்க?"

"வயலின்னு போட்டுக்குங்களேன்" என்றார் மெக்கானிக்.

"வயலின் போன தேர்தல்ல ஒருத்தருக்குப் போயிடுச்சு. தோத்துட்டார், ஆனா திருப்பித் தரமாட்டேங்கறார். சீப்பு காலியா இருக்கு. பரவாயில்லையா?"

அன்றிலிருந்து அரசுப் பதிவுகளில் அவர்கள் இருவரும் சீப்பு.

அடுத்து, இசையில் ஆட்சேபகரமான வார்த்தை எதுவும் இல்லை என்று சான்று வேண்டும் என்றார்கள்.

"வார்த்தையே கிடையாதே சார்" என்றார் அக்கா.

"அதாங்க சந்தேகமா இருக்கு. எதையோ சொல்லாம விட்டிருக்கீங்க" என்றார் எழுத்தர்.

இதற்கிடையில் படியில் வாசிக்கும் சத்தத்தால் மேலே ரசிப்புப் பணி பாதிக்கப்படுகிறது என்று பிரிவின் ஊழியர்கள் முறையிட்டார்கள். நியாயமான முறையீடு. இசை கேட்டுக்கொண்டே இசையைப் பற்றிய தபால்களுக்குப் பதில் எழுத யாரால் முடியும்? "அமைதி காக்கவும். இசை ரசிக்கப்படுகிறது" என்று ஒரு பலகை படியில் வந்தது. வயலினும் கிளாரினெட்டும் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த குப்பை வண்டி ஷெட்டுக்கு இறங்கின.

கண்காணிப்பாளரும் சாயங்காலமானால் ஷெட்டுக்கு இறங்கிவிடுவார். ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அரசு உத்தரவின் பேரில் உட்கார்ந்திருப்பதால் இப்போது முட்டி வலி என்று பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அதனாலோ என்னவோ, முட்டி நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது. டயர் தாழ்வு.

பிரிவு மாறினாலும் அவருடைய முகம் மாறவில்லையே! வீடு கட்டுகிறவர்கள் அவரைத்தான் தேடி வந்தார்கள். ஒருநாள் ஒரு பில்டர் ஷெட்டுக்கே வந்து, "சார், மேல இன்னொரு மாடி போட்டுக்கலாமா?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து வயலின் ஒரு வளைவு வளைந்து கீழே இறங்கியது. கண்காணிப்பாளரின் தலை மேலும் கீழும் ஆடியது. "அதுக்கும் மேல இன்னொண்ணு?" தலை இன்னும் வேகமாக ஆடியது. விஷயம் வெளியே வருவதற்குள் மாடிகள் எழும்பிவிட்டன. சொந்த வீட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்த பத்து குடும்பங்கள் பில்டரின் நிழலுக்குள் வந்து சேர்ந்தன.

ஆணையர் கொதித்துவிட்டார். உடனே ஒரு சுற்றறிக்கை போனது. இசையை ரசிக்கும் பணியாளர்கள் தலையை மேலும் கீழும் அசைத்தால் அது ஒப்புதல் எனப் பொருள்படுவதால், இனி இடவலமாக மட்டுமே அசைக்க வேண்டும் என்று இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறது.

கண்காணிப்பாளர் பழகிக்கொண்டார். அடுத்த வாரம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார், வீட்டுக்குள் ஒரு கழிவறை கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டு வந்தார். கிளாரினெட் உருகிக்கொண்டிருந்தது. தலை இடவலமாக, மிக உருக்கமாக ஆடியது.

"என் வயசுக்காவது..." என்றார் வாத்தியார்.

தலை இன்னும் உருக்கமாக ஆடியது.

மறுநாள் வாத்தியார் குடும்பத்தோடு நகராட்சி வாசலில் உட்கார்ந்துவிட்டார். கழிவறை மறுக்கப்பட்ட முதியவர் என்று ஊர் பூராவும் பேச்சு. இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. இனி பணியாளர்கள் கழுத்துக்கு மேல் எவ்வித அசைவுமின்றி ரசிக்க வேண்டும்.

அசையாமல் ரசித்தால், ரசித்ததை மேலிடத்துக்கு எப்படி நிரூபிப்பது? இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் வெளியிலிருந்து ஒரு ரசிப்பு ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். கறுப்புச் சட்டை, கழுத்தில் காலர் கிடையாது. கண்ணாடியைக் கண்ணில் போடாமல் உச்சந்தலையில் போட்டிருந்தார். அக்காவுக்குத் தொழில்முறையில் அது பிடிக்கவில்லை.

"நீங்க என்ன வாசிப்பீங்க?" என்று அவரிடம் கேட்டார்.

"நான் வாசிப்பைக் கடந்தவன்."

"நிறைய கேட்பீங்களோ?"

"கேட்பது ஆரம்ப நிலை" என்றார் ஆலோசகர், பொறுமையாக.

அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. தலை அசையக்கூடாது, வாய் அசையலாம். அதாவது, ஆஹா. சிற்றாஹா, நடு ஆஹா, பேராஹா என்று அதை வகைப்படுத்தி, ஊழியர்களை வரிசையாக நிற்கவைத்துப் பயிற்சி கொடுத்தார். முதலில் கண்காணிப்பாளர் ஆஹா சொல்ல வேண்டும். பிறகு பதவி வரிசைப்படி மற்றவர்கள். மேலதிகாரி ரசிப்பதற்கு முன் கீழுள்ளவர் ரசிப்பது ஒழுங்கீனம். பயிற்சி நடந்த நாட்களில் மார்க்கெட்டுக்கு வந்தவர்கள், மாடியில் ஏதோ பல் ஆஸ்பத்திரி திறந்திருக்கிறார்கள் என்று நினைத்தார்கள்.

கொஞ்ச நாளில் அது ஊருக்கே ஒட்டிக்கொண்டது. தையல்காரர் ரசிகர் சட்டை என்று ஒன்று தைத்தார். ஆலோசகர் போட்டிருந்தது மாதிரியே காலர் இல்லாதது, கறுப்பு. வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வெந்துபோய் நடந்தோம். டீக்கடையில், "வார்த்தை இருக்கற பாட்டெல்லாம் நான் இப்ப கேட்கறதே இல்லப்பா, ஒரே இரைச்சல்" என்று ஒருவர் சொன்னால், "நான் இசை இருக்கறதையே குறைச்சிட்டேன்" என்று இன்னொருவர் அவரை மடக்குவார். பெண் பார்க்கப் போன இடத்தில், பையனுக்கு நல்ல வேலை, கெட்ட பழக்கம் கிடையாது, உள்ளூர்க் கருவி இசை ரசிப்பான் என்று சொல்லிச் சம்பந்தம் முடிந்தது எனக்கே தெரியும். நானும் ஒரு ரசிகர் சட்டை வாங்கினேன். துவைத்துப் போட மாற்றுக்கு இன்னொன்றும் வாங்கினேன். என் போனில் நாங்கள் நடத்திய ரசிகர் குழுவில் காலையிலிருந்து ராத்திரிவரை வாத்தியப் படங்கள் வந்து விழுந்தபடி இருந்தன. குப்பை வண்டி ஷெட் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை. அங்கே கொசு.

அந்தக் கொசுக்கடியில்தான் அக்கா ஒரு புது மெட்டு கட்டிக்கொண்டிருந்தார். ஆரம்பம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெதுவாக வயலின் தொடங்கும். யாரோ அடுத்த அறையில் தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல் இருக்கும். ரொம்ப நேரம் கழித்து, பேச்சுக்குப் பதில் சொல்வதுபோல் கிளாரினெட் வரும். இரண்டும் சண்டை போடும், சமாதானமாகும், மறுபடி ஏதோ ஞாபகம் வந்து சண்டை போடும். வாரக்கணக்காக அது வளர்வதைக் கண்காணிப்பாளர் டயரின் மேலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். முழுசாக வாசித்து முடித்த அன்று, அக்கா வில்லைத் தாழ்த்திக்கொண்டு, "எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார்.

அவருக்குத் தலையாட்டவும் அனுமதி இல்லை. ஆஹா சொல்லலாம், ஆனால் அது ஆபீஸ் சமாசாரம். டயரிலிருந்து எழுந்து நின்றார்.

"ஆட்சேபணை எதுவும் இல்லை" என்றார்.

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு பெரிய பாராட்டை அவர் வாழ்க்கையில் யாருக்கும் சொன்னதில்லை என்பது அக்காவுக்கு எப்படிப் புரிந்ததோ தெரியாது. புரிந்துவிட்டது.

வருஷக் கடைசியில் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி, ரசிப்பை நேரில் ஆய்வு செய்ய வந்தார். நகராட்சியின் பெரிய மண்டபத்தில் விழா. ஆய்வு நல்லபடியாக முடிந்தால் பழைய அறை திரும்பக் கிடைக்கும் என்று நம்பி, அக்காவும் மெக்கானிக்கும் அந்தப் புது மெட்டையே வாசிப்பதாக முடிவு செய்திருந்தார்கள். மெக்கானிக் அன்று முதன்முறையாகச் சட்டையில் கிரீஸ் இல்லாமல் வந்திருந்தார். நாங்கள் எல்லோரும் கறுப்புச் சட்டையில். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் துக்க வீடு என்று நினைத்திருப்பார்கள்.

முதலில் ஆணையர் பேசினார். இசையை ஏன் ரசிக்க வேண்டும் என்று ஆலோசகர் பேசினார். இதற்கு முன் பேசியவர்களை ஏன் ரசிக்க வேண்டும் என்று இன்னொருவர் பேசினார். கடைசியில், "இப்போது சீப்புச் சின்னக் கலைஞர்கள் சுருக்கமாக வாசிப்பார்கள்" என்று அறிவித்தார்கள்.

அக்கா வில்லை வைத்தார்.

முன்வரிசையில் ஆணையருக்குப் பக்கத்தில் கண்காணிப்பாளர். அவர் முதல் ஆஹாவைச் சொன்னால்தான் மற்றவர்கள் சொல்ல முடியும். அவருக்கு அடுத்த வரிசையில் ஊழியர்கள், அவர்களுக்குப் பின்னால் ஊர். எல்லோரும் வாயை ஆஹாவுக்குத் தயாராகத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.

ஆஹா வரவில்லை.

கண்காணிப்பாளர் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

திறந்த வாயை மூடவும் தெரியாமல், சத்தம் போடவும் முடியாமல் நாங்கள் அத்தனை பேரும் விழித்தோம். மண்டபமே அடங்கிப் போயிற்று. அந்த அமைதியில் வேறு வழி இல்லாமல் வயலின் எங்கள் காதில் விழுந்தது. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. எப்போதோ பேசாமல் விட்டுவிட்ட என் அண்ணன் ஞாபகம் வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர், அதுவரை போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், மெதுவாகக் கையைக் கீழே இறக்கினார். மேடையில் கிளாரினெட் பதில் சொல்ல மூச்சு இழுத்தது.

அப்போது மேலிடத்து அதிகாரி ஆணையர் பக்கம் சாய்ந்தார்.

"என்ன, யாருமே ரசிக்கலையா?"

ஆணையருக்கு வியர்த்துவிட்டது. கண்காணிப்பாளரின் தொடையைக் கிள்ளினார். பலன் இல்லை. அவர் அங்கே இல்லை, எங்கேயோ இருந்தார். ஆலோசகர் நிலைமையைப் புரிந்துகொண்டு எழுந்து நின்று, சிறியது நடுவெல்லாம் விட்டுவிட்டு, எடுத்த எடுப்பிலேயே ஒரு பேராஹா போட்டார்.

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்த ஆஹாவெல்லாம் மடை திறந்த மாதிரி கிளம்பியது. என்ன நிம்மதி! தனியாக ஏதேதோ ஞாபகம் வந்து தவிப்பதைவிடக் கூட்டத்தோடு ஆஹா சொல்வது எவ்வளவு சௌகரியம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நானும் விடவில்லை, மற்றவர்களும் விடவில்லை. இறங்கின போன்கள் எல்லாம் மறுபடி மேலே ஏறின. ஒருவர் ஆஹாவை இன்னொருவர் மிஞ்சப் பார்த்தார். மேடையில் அவர்கள் வாசித்து முடித்து, வணக்கம் சொல்லி, வயலினைப் பெட்டியில் வைத்து மூடி, பக்கவாட்டுக் கதவு வழியாகப் போன பிறகும் நாங்கள் ரசித்துக்கொண்டே இருந்தோம்.

எங்கள் ஊருக்குச் சிறந்த ரசிக நகராட்சி என்ற விருது கிடைத்தது. ரசிப்புப் பிரிவு நிரந்தரமாக்கப்பட்டது. நிரந்தரப் பிரிவு இருக்கும் அறையை யாருக்கும் கொடுக்க முடியாது என்று அக்காவுக்குத் தெரிவிக்கப்பட்டது. பிரிவுக்குக் கார் கொடுத்தார்கள், அதை நிறுத்த ஷெட்டையும் எடுத்துக்கொண்டார்கள்.

கண்காணிப்பாளருக்கு மெமோ வந்தது. ரசிக்க வேண்டிய நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது ஏன் என்பதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அவரும் விளக்கம் கொடுத்தார். கேட்க நன்றாக இருந்தது, அதனால் கேட்டேன் என்று ஒரே வரி. குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அதை எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே இருக்கும் கழிவுநீர் நீரேற்று நிலையத்துக்கு அவரை மாற்றிவிட்டார்கள். எங்கள் நகராட்சியில் அதற்கும் கீழே மாற்றுவதற்கு இடம் கிடையாது.

விழாவில் எடுத்த பதிவுகள் இன்னொரு பக்கம் பரவ ஆரம்பித்தன. எல்லோர் போனிலும் அதேதான் இருந்தது. படத்தில் முன்னால் இருந்தவரின் தூக்கிய கை. சத்தத்தில் ஆஹா, ஆஹா, பேராஹா. வயலின் மருந்துக்கும் இல்லை. "எங்க ஊர் சுயேச்சைக் கலைஞர்களின் கருவி இசை" என்று தலைப்புப் போட்டு எல்லோருக்கும் அனுப்பினோம். வெளியூர்களில் அதைக் கேட்டு உருகினார்கள். இப்படி ஒரு இசையைக் கேட்டதே இல்லை என்றார்கள். அது உண்மைதான். வாத்தியமே இல்லாத வாத்திய இசை என்று ஆலோசகர் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, இன்னும் இரண்டு நகராட்சிகளில் வேலை வாங்கிக்கொண்டார்.

நீரேற்று நிலையத்தில் பழைய மோட்டார்களைக் கழற்றிய பிறகு பெரிய வட்டமான கூடம் ஒன்று சும்மா கிடக்கிறதாம். உயரமான கூரை. மெதுவாக ஒரு சுரம் வாசித்தாலும் சுற்றி வந்து, வாசித்தவரையே தொட்டுவிட்டுப் போகுமாம். கண்காணிப்பாளர் அங்கே அக்காவையும் மெக்கானிக்கையும் கூட்டிப் போனார். அதிகாரி யாரும் எட்டிப் பார்க்காத இடம் என்பதால் இன்றுவரை அங்கே எந்தப் பிரிவும் ஏற்படவில்லை. மூன்று நாற்காலி போட்டிருக்கிறார்களாம். இரண்டு அவர்களுக்கு, ஒன்று அவருக்கு. இப்போது நான்காவதாக ஒன்றும் போட்டாயிற்று. அவர் மனைவியும் போகிறார்.

போன வாரம் அந்த அம்மா வாசலில் என்னைப் பார்த்துவிட்டு நின்றார். கையில் குடை, மூக்குக்குக் கட்ட ஒரு துண்டு.

"அண்ணே, இன்னிக்குச் சாயங்காலம் வாசிக்கறாங்க. அந்தப் புது மெட்டு. நீங்களும் வாங்களேன். உங்களுக்குத்தான் உள்ளூர் இசைன்னா உசிராச்சே!"

"அங்கேயா? நாத்தம் தாங்காதேம்மா."

"முதல்ல கொஞ்ச நேரந்தான். வாசிக்க ஆரம்பிச்சா ஒண்ணும் தெரியாது. எங்க வீட்டுக்காரர் நேத்து என் சமையலைக்கூட நல்லா இருக்குன்னு சொல்லிட்டார்னா பார்த்துக்குங்க."

"வரணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா இன்னிக்குன்னு பாருங்க, வெளியூர்லேர்ந்து என் மச்சான் போன் பண்ணிட்டான். நம்ம ஊர் இசையைக் கேட்டு அழுதுட்டானாம். இன்னும் அனுப்பு, இன்னும் அனுப்புன்னு ஒரே தொந்தரவு. கலைஞர்களை நாமதானே வளர்த்துவிடணும்?"

அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் ரசிகர் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து போனை எடுத்தேன். காற்று ஊருக்கு வெளியிலிருந்து அடித்தது. ரொம்ப மெலிசாக, அடுத்த அறையில் யாரோ தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி ஏதோ கேட்டது. கூடவே லேசாக வாடையும் வந்தது. எழுந்து ஜன்னலை நன்றாகச் சாத்திவிட்டு, மச்சானுக்கு அனுப்ப ஆரம்பித்தேன்.